கழலாத கொக்கி

சங்கிலி என்னவோ நன்றாகத்தான் வந்திருந்தது. அதை நான் என் இடுப்பில் மாட்டிப் பார்த்ததுதான் தப்பு.

மாட்டியதுகூடப் பெரிய தப்பில்லை. கொக்கியை அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். நான் செய்த சாமான் ஒன்று நினைத்தபடியே வேலை செய்த முதல் சத்தம் அது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு கழற்றப் போனேன். கழலவில்லை.

நானே யோசித்துச் செய்த கொக்கி அது. ஒரு வாய், அதற்குள் போய் மாட்டிக்கொள்கிற ஒரு நாக்கு, நாக்கைப் பின்னால் தள்ள ஒரு சின்னக் குமிழ். மாடு இழுத்தாலும் விடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். குமிழைத் தள்ளினேன். குமிழ் மட்டும் தனியாகக் கையோடு வந்தது. நாக்கு உள்ளேயே தங்கிவிட்டது. நான் கொடுத்த வாக்குக்குப் பங்கம் இல்லை.

அந்த வெள்ளிக் கொடி என்னுடையதாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அது எறையூர் அரியமுத்து மாமாவுடையது. கரும்பு வெட்டுக்கு ஆள் கட்டிக்கொண்டு போகிற மேஸ்திரி. இன்னும் மூன்று நாளில் திருமழபாடியில் நந்தி கல்யாணத் திருவிழா. அன்றைக்குக் காலையில் அந்தக் கொடியை இடுப்பில் போட்டுக்கொண்டு கொள்ளிடத்தில் முழுக்குப் போடுவேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவருடைய மகள் மலர்க்கொடி. அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் நான் அந்தச் சங்கிலியையே இவ்வளவு ஒழுங்காகச் செய்தேன்.

அரைஞாண் கொடி எங்கள் பக்கத்தில் விளையாட்டுச் சாமான் இல்லை. ஆண்பிள்ளை பிறந்ததும் இடுப்பில் ஏறும். கயிறு நைந்தால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பார்கள். வேறு ஒன்று கட்டாமல் கொடியை அறுப்பது ஒரே ஒரு நாளில்தான். அந்த நாளில் சம்பந்தப்பட்ட ஆளுக்கு அது தெரியாது. ஊருக்குத்தான் தெரியும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் மைக்கைப் பிடித்து மூட நம்பிக்கையைப் பத்து நிமிஷம் கிழித்தவன் நான். போன மாதம் என் பழைய கயிறு நைந்து விழுந்தபோது, வேறு கட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டு அதை நாலு பேரிடம் பெருமையாகவும் சொன்னேன். ஆகவே தயங்காமல் வெட்டுக் கத்தரியை எடுத்தேன். ஒரு வளையத்தை வெட்டினால் போதும், பிறகு பற்றவைக்கிற பொடியை வைத்துத் தீயை ஊதி ஒட்டிக்கொள்ளலாம். கத்தரியின் வாயை வளையத்தில் வைத்தேன். கை நடுங்கியது. காலையிலிருந்து வெறும் வயிறு, அதனால்தான் என்று இரண்டு வாழைப்பழம் தின்றேன். அதற்குப் பிறகு சங்கிலி இன்னும் இறுகியது. நடுக்கம் அப்படியேதான் இருந்தது.

அதை ஏன் என் இடுப்பில் மாட்டினேன் என்று கேட்பீர்கள். அரியமுத்து மாமா அளவுக்கு ஒரு நூல் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த நூலால் நான் பக்கோடாப் பொட்டலத்தைக் கட்டி அம்மாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். பொட்டலம் போனது, நூலும் போனது. மலர்க்கொடியிடம் பட்டும் படாமல் விசாரித்தேன்.

"உங்க அப்பா இடுப்பு எம்மாம் இருக்கும்?"

"உங்க இடுப்பு மாதிரிதான் இருக்கும். ஆனா அவரு உழைச்சு வளத்தது."

மலர்க்கொடியின் பேச்சு இப்படித்தான். என் வெள்ளிப் பட்டறைக்குப் பக்கத்தில் அவளுடைய தையல் கடை. நடுவில் ஒரு பலகைச் சுவர். தினமும் எறையூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். அவள் மிஷின் ஓடுவதை வைத்தே ஜாக்கெட்டா பாவாடையா என்று என்னால் சொல்ல முடியும். இதைத் தவிர வேறு எதையும் உருப்படியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. எட்டு மாதமாகக் கல்யாணப் பேச்சை எடுத்துப் பார்க்கிறேன்.

"எங்க அம்மாவுக்குத் தையல் தெரிஞ்ச மருமவ ஒண்ணு வேணுமாம். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன் பத்தரே. அவங்களுக்குக் கண்ணு தெரியணுமா, தெரியாட்டியும் பரவால்லியா?"

இன்னொரு நாள், "நம்ம ரெண்டு கடைக்கும் நடுவுல இந்தப் பலகை எதுக்கு, வாடகை மிச்சமாவுமில்ல" என்று பார்த்தேன். "பலகைய எடுத்துடலாம். ஊதுற புகை என் துணியில படியும், சலவைக் கூலி யாரு குடுக்கறது?" என்றாள். ஒரு தடவையும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ராத்திரியில் அவள் சொன்ன பதிலை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மோதிரத்தில் விரிசல் தேடுகிற மாதிரி.

இந்த நிலைமையில்தான் அவள் ஒரு சுருக்குப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே பதினாலு வெள்ளி ரூபாய், ராஜா தலை போட்டது.

"அம்மா சேத்தது" என்றாள். அவளுடைய அம்மா ஆண்டாயி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. "அப்பாவுக்கு இடுப்புக் கொடி செஞ்சு போடணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இதுல கேலி கிண்டல் வேணாம். நல்லா செஞ்சு குடுங்க."

அன்றைக்கு நான் கேலி பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்கே ஆச்சரியம்.

காசுகளை மூசையில் போட்டுக் கரி அடுப்பில் வைத்து ஊதினேன். பதினாலு ராஜாக்களும் ஒவ்வொருவராக மூக்கு, தாடி எல்லாம் தொலைந்து ஒரே கண்ணீர்த் துளியாக உருண்டார்கள். வார்த்து, நீட்டாகத் தட்டி, துளை போட்ட இரும்புத் தகட்டில் நுழைத்துக் கம்பியாக இழுத்தேன். பெரிய துளை, அடுத்து சின்னது, அதைவிடச் சின்னது. சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். ஒரு தடவை கம்பி வழுக்கி நான் பின்னால் சாய்ந்ததில் பலகைச் சுவர் அதிர்ந்து, அந்தப் பக்கம் மிஷின் நின்றது. "உசுரோட இருக்கீங்களா பத்தரே?" என்று குரல் வந்தது. "இருக்கேன்." மிஷின் மறுபடி ஓடியது. அக்கறையா விசாரணையா என்று அதையும் ராத்திரி திருப்பிப் பார்த்தேன்.

கம்பியை இரும்புக் குச்சியில் நெருக்கிச் சுற்றி, அறுத்து, வளையம் வளையமாக எடுத்தேன். ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, ஒவ்வொன்றின் வாயையும் பொருத்தி, வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதுகுழலால் ஊதி ஒட்டவேண்டும். தீ கொஞ்சம் தப்பினால் பக்கத்து வளையமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு சங்கிலி குச்சியாக நிற்கும். அப்படி ஏழு இடத்தில் நின்றது. பிரித்துத் திரும்பச் செய்தேன். திருச்சியில் அரசாங்கம் நடத்திய ஆறு மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்ட தொழில் எனக்கு. பரம்பரையாகச் செய்கிறவர்களுக்கு ஏழு இடம் நின்றிருக்காது, இரண்டு இடத்தில் நின்றிருக்கும். புளித் தண்ணீரில் போட்டு எடுத்துப் பூந்திக்கொட்டை நுரையில் தேய்த்தபோது முன்னூற்றிச் சொச்சம் வளையமும் தண்ணீர் மாதிரி கையில் வழிந்தன. அத்தோடு விட்டிருக்கலாம். சாதாரணக் கொக்கி போட்டிருக்கலாம். கண்டுபிடிக்கப் போனேன்.

சரி, இடுப்புக்கு வருவோம். விளக்கெண்ணெய் தடவிக் கீழே இறக்கிப் பார்த்தேன். இடுப்பெலும்பில் நின்றது. மேலே ஏற்றினேன். விலாவில் நின்றது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோது அம்மா சோற்றுத் தூக்கோடு உள்ளே வந்தாள்.

அம்மா பெயர் வேம்பு. பெயருக்குத் தகுந்த வாய். என் இடுப்பைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கசப்பில்லாத ஒரு முகத்தை எடுத்துக்காட்டினாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"எப்படா போட்ட?"

"என்னுதில்லம்மா. அரியமுத்து மாமாவுது. மாட்டிக்கிச்சு."

"ஆமா, தானா ஓடியாந்து மாட்டிக்கிச்சு. ஒரு மாசமா மொட்டை இடுப்போட திரிஞ்சியேன்னு ஒவ்வொரு நாளும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். போட்டுக்கிட்டதுக்கு என்னடா வெக்கம்?"

"அம்மா, நெசமாத்தான் சொல்றேன்."

"நீ என்னைக்குடா நெசமாச் சொன்ன? போன தீவாளிக்கு உன்னைய மந்திரி கூப்புட்டு அனுப்பிச்சாருன்ன. நானும் நம்பி வேட்டிய வெளுத்து வெச்சேன்."

"ஒரு கயிறு கட்டிவுடு, இதை அறுத்துடறேன்."

அம்மாவின் முகம் பழையபடி ஆனது. "வெள்ளி ஏறுன இடுப்புல நூல் கட்டச் சொல்றியா? அறுத்தியோ, நான் செத்துட்டேன்னு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சேதி சொல்லிக்கொண்டே போனாள். சாயந்தரத்துக்குள் மூன்று பேர் வந்து என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அரியலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே அய்யம்பெருமாள் பத்தர் பரம்பரைத் தொழில்காரர். என்னை 'ஆறு மாசம்' என்றுதான் கூப்பிடுவார்.

"வாய்யா ஆறு மாசம். என்ன குனியாம நடக்குற?"

சட்டையைத் தூக்கினேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என் வயிற்றுக்கு மிக அருகில் வந்து வளையம் வளையமாகப் பார்த்தார். மூச்சுக்காற்று கூசியது.

"ஊதுனது நீயா?"

"நான்தான்."

"சுத்தமா இருக்கே." எனக்கு இடுப்பு மறந்துபோனது. "கொக்கி யாரு செஞ்சது?"

"அதுவும் நான்தான்."

"அது தெரியுது."

அறுத்துவிடச் சொன்னேன். பத்தர் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "உசுரோட இருக்கறவன் வெறும் இடுப்புல கொடி அறுக்கறதில்ல. எங்க அப்பாவும் அறுத்ததில்ல, நானும் அறுக்க மாட்டேன். உங்க அம்மாவக் கூட்டியா. புதுக் கயிறு கட்டச் சொல்லு. கட்டுன மறுநிமிசம் அறுத்துத் தரேன், காசு வேணாம்."

"அம்மா கட்டாதுங்க."

"அப்ப பொண்டாட்டியக் கூட்டியா."

"பொண்டாட்டி இல்லிங்க. இதைக் கழட்டுனாத்தான் பொண்டாட்டி வரும்."

பத்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல. மோர் குடிக்கிறியா?"

மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கடையில் மலர்க்கொடி பலகைக்கு மேலே தலையை நீட்டினாள்.

"கொடி ஆயிடுச்சா பத்தரே?"

"ஆயிடுச்சு. இடுப்புலயே ஏறிடுச்சு."

"யாரு இடுப்புல?"

"என் இடுப்புலதான். கழட்ட முடியல. நீங்க வந்து ஒரு கயிறு கட்டுனாத்தான் வரும்னு அரியலூர்ப் பத்தர் சொல்லிட்டாரு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. "இதுல மட்டும் கேலி வேணாம்னு சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அன்று முழுக்க மிஷின் ஓடிய வேகத்தில் எத்தனை ஜாக்கெட் தைத்தாள் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. எட்டு மாதமாக நான் சொன்னதில் அதுதான் உண்மை. அதைத்தான் அவள் நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உண்மையையும் நான் அதே குரலில்தான் சொல்கிறேன்.

நந்தி கல்யாணத்தன்று விடியலில் கத்தரியையும் குறடையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் மாறித் திருமழபாடியில் இறங்கினேன். நெரிசலில் ஒரு ஆள் முழங்கை பட்டு, "என்னய்யா வயித்துல இரும்பு வெச்சிருக்க" என்றான். கோயில் வாசலில் தவில் சத்தம், பொரிக் கடை, வளையல் கடை. சிவப்பும் கறுப்புமாக அரைஞாண் கயிறு ஒரு கம்பு நிறையத் தொங்கியது. கயிறுக்குப் பஞ்சமில்லை. கட்டுகிற கைக்குத்தான்.

பங்குனியில் கொள்ளிடம் முக்கால்வாசி மணல். தூரத்தில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடியது. அங்கே இடுப்பில் துண்டோடு ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அரியமுத்து மாமா மட்டும் இன்னும் நனையாமல் வேட்டியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். மலர்க்கொடி கொஞ்சம் தள்ளி, துணிகளுக்குக் காவலாக நின்றிருந்தாள். கோபம் தீரவில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"கொண்டாந்துட்டியா தம்பி?"

"கொண்டாந்துட்டேன் மாமா. ஆனா கையில இல்ல."

சட்டையைத் தூக்கினேன்.

மாமா பார்த்தார். மலர்க்கொடியும் பார்த்தாள். நான் நடந்ததை நூல், பக்கோடா, கொக்கி, அம்மா, பத்தர் என்று வரிசையாகச் சொன்னேன். ஒரு இடத்திலும் சிரிப்பு மூட்டவில்லை. அப்படியும் பக்கோடாவில் மாமாவின் மீசை கொஞ்சம் அசைந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது வேறு. "சில்லுனு இருக்குமா?"

"எது மாமா?"

"வெள்ளி. மொதல்ல படறப்ப."

"மொதல்ல சில்லுனு இருக்கும். கொஞ்ச நேரத்துல ஒடம்புச் சூட்டுக்கு வந்துடும். அப்புறம் இருக்கறதே தெரியாது."

அவர் தலையாட்டிக்கொண்டார். "எங்க அப்பா ஒருக்கா போட்டாரு. ரெண்டு நாளு. மூணாம் நாளு பண்ணை வூட்டுல 'உனக்கெதுக்குடா வெள்ளி'ன்னு கேட்டாங்க, கழட்டிக் குடுத்துட்டாரு. கேட்டவங்களும் இப்ப இல்ல, அத வுடு. அவரு குளிக்கறப்ப நான் பாத்தேன். தண்ணிக்குள்ள மீனு மாதிரி இருந்துச்சு." பிறகு என் தோளைத் தட்டினார். "வேற ஒண்ணு கட்டாம அறுக்க வேணாம் தம்பி. உங்க அம்மா மனசும் நோவ வேணாம். இடுப்புல ஏறினது அங்கயே இருக்கட்டும். நான் நூலோட முழுவிட்டு வரேன்."

சொல்லிவிட்டு வேட்டியை அவிழ்க்கத் திரும்பினார். கண் மட்டும் இன்னும் என் இடுப்பிலேயே இருந்தது.

மலர்க்கொடி விறுவிறுவென்று கரையேறிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. முகம் கயிற்றைவிடச் சிவந்திருந்தது.

"கையத் தூக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கட்டறேன். அறுங்க. எங்க அம்மா காசு எங்க அப்பா இடுப்புலதான் ஏறணும்."

மாமா சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு, அக்கரையில் ஏதோ முக்கியமான விஷயம் நடப்பது போலப் பார்த்தார்.

எட்டு மாதம் இந்த மாதிரி ஒரு நேரத்துக்குத்தான் நான் ஏங்கினேன். கையைத் தூக்கியிருந்தால் போதும். அவள் கட்டியிருப்பாள், நாலு பேர் பார்த்திருப்பார்கள், அதற்கப்புறம் அவள் பின்வாங்க முடியாது. அந்த நினைப்பு வந்ததும் என் மேலேயே எனக்கு வெட்கமாகப் போனது. கொக்கிதான் அப்படி மாட்டும். மாட்டினால் விடாது.

"வேணாங்க" என்றேன்.

"என்ன வேணாம்?"

"கொடிக்காக நீங்க கட்ட வேணாம்."

பையிலிருந்து கத்தரியை எடுத்தேன். கொக்கிக்குப் பக்கத்து வளையத்தில் வைத்தேன். பத்து நிமிஷம் பேசிய அந்த மைக் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். கொடி இடுப்பிலிருந்து வழுக்கி மணலில் விழுந்தது.

காத்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டே இருந்தது. சாகவில்லை. கண்ணைத் திறந்தேன். மாமா கண்ணை மூடியிருந்தார்.

மணலை உதறி, கொக்கியின் இன்னொரு பக்கத்தையும் வெட்டி, அந்தக் கண்டுபிடிப்பைச் சட்டைப் பையில் போட்டேன். மாமாவின் இடுப்பில் சங்கிலியைச் சுற்றி, ஒரு வளையத்தைத் திறந்து மறு முனையை அதில் கோத்துக் குறடால் வாயை நெருக்கி மூடினேன். கொக்கி போன நீளம் போகக் கச்சிதமாக உட்கார்ந்தது. பழைய நூலை மாமா தானே அறுத்துத் தண்ணீரில் விட்டார்.

"சில்லுனுதான் இருக்கு" என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே நின்று குனிந்து தன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்குப் போடவே அவருக்கு மனசு வரவில்லை.

மலர்க்கொடி கயிற்றை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றாள். என் இடுப்பு வெறுமையாக இருந்தது, காற்று பட்டுக் குளிர்ந்தது. வாயில் வரிசையாக மூன்று வேடிக்கைப் பேச்சு வந்து நின்றது. ஒன்று அந்தக் கயிற்றைப் பற்றி, நன்றாகக்கூட இருந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

"மலர்க்கொடி" என்றேன். பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமா?"

அவள் என் முகத்தில் கேலியைத் தேடினாள். நிதானமாக, ஒரு தையல் விடாமல் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"சம்மதம்" என்றாள். "போன ஐப்பசியிலேருந்தே சம்மதம். இன்னைக்குத்தான் கேட்டிருக்கீங்க."